கலியாணப் படம் மட்டும் போதுமா?

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், தோளில் கேமராப் பை தொங்க, ஓர் இளைஞர் நம் இல்லத்தின் படியேறி வந்தார். பேசின் பிரிட்ஜ் இரயில் நிலையத்தை அடுத்த தெருவொன்றில் சிறியதொரு ஸ்டூடியோ வைத்திருப்பவர். ஆண்டுதோறும் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பவரும் அவரே. அமரச் சொன்னோம். சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "சாமி, தொழில் விஷயமாக ஒரு யோசனை கேட்க வந்தேன்" என்றார்.

அவருக்குத் திருமணமாகி ஓர் ஆண்டுகூட நிறையவில்லை. மனைவி கருவுற்றிருக்கிறார். கேமராவுக்கும் லென்சுக்கும் வாங்கிய கடனில் பாதிகூட அடையவில்லை. மாமனார் சொல்கிறாராம்: "மாப்பிள்ளை, கலியாணத்தை மட்டும் பிடியுங்கள். பாஸ்போர்ட் படம், பள்ளிக்கூடத்துக் குரூப் படம், சாவு வீடு, இவற்றையெல்லாம் விட்டுத் தள்ளுங்கள். கண்டதையும் எடுக்கிறவர் என்று பெயர் வந்தால், பெரிய இடத்துக் கலியாணம் உங்களைத் தேடி வராது." தந்தையாரின் கட்சியோ வேறு. அவர் ஆலையில் தறி ஓட்டியவர். "ஒரே தறியை நம்பினேன். ஆலைக் கதவைச் சாத்திய அன்று கையில் வேறு தொழில் இல்லை. நீயாவது ஒற்றைக் காலில் நிற்காதே" என்கிறார்.

"இருவரில் யார் சொல்வது சரி, சாமி?"

நாம் உடனே விடை கூறவில்லை. குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்களேயன்றிக் கேமராத் தொழிலைக் கற்பிக்கவில்லை. எனினும் முப்பதாண்டுக் காலமாகத் திருமணங்களை மந்திரித்தும், இறந்தோரை அடக்கம் செய்தும், இவ்விரண்டு இடங்களிலும் புகைப்படக்காரர்களை அருகிலிருந்து பார்த்தும் வந்திருக்கிறோம். மேலும், இக்கேள்வி கேமராக்காரருக்கு மட்டும் உரியதன்று. ஒரு தொழிலில் ஆழமாகத் தோண்டுவதா, பல தொழிலில் அகலமாக உழுவதா என்பது உழைத்து உண்ணும் குடும்பம் ஒவ்வொன்றின் கேள்வியுமாகும். ஆகவே இத்திங்கள் இதையே சிந்திப்போம்.

மாமனாரின் கட்சி

முதலில் மாமனாரின் கட்சியை நேர்மையோடு எடை போடுவோம். அதில் உண்மை இல்லாமலில்லை.

திருமணத்தில் தாலி கட்டும் நேரம் சில வினாடிகளே. பள்ளிக்கூடக் குரூப் படம் பழுதானால், மறுநாள் பிள்ளைகளை மீண்டும் நிறுத்தலாம். தாலி கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்ல எவருக்கும் துணிவு வராது. ஆகவே ஒரு கேமரா பழுதானால் கைகொடுக்க மற்றொரு கேமரா, மங்கிய ஒளியிலும் படம் பிடிக்கும் லென்ஸ், எடுத்த படங்களை அன்றிரவே இரண்டு இடங்களில் சேமித்து வைக்கும் ஒழுங்கு ஆகியவை வேண்டும். இவையெல்லாம் பலமுறை செய்து பழகிய கைக்கே வரும்.

சடங்கு அறிவும் வேண்டும். நம் ஆலயத்தில் மணமக்கள் தங்கள் சம்மதத்தைக் கூறி வலக்கை பற்றும் வேளைதான் திருமணத்தின் உயிர்நாடி. அதையறியாத புகைப்படக்காரர் அப்போது வெளியே நின்று விளக்கைச் சரிபார்ப்பார். பின்பு தாலி கட்டும்போது ஓடிவந்து, பீடத்தின் படியிலேயே ஏறி, நம் முதுகுக்கும் திருப்பலிப் புத்தகத்துக்கும் நடுவே தலையை நீட்டுவார். இதைப் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறோம். வழிபாட்டின்போது படம் எடுப்பதனால் செபத்துக்கு இடையூறு நேரலாகாது என்று 1967இல் வெளியான நற்கருணை வழிபாட்டைப் பற்றிய உரோமை அறிவுரை எச்சரித்தது. 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிசு, திருப்பலி ஒரு காட்சியன்று என்றும், குரு எழுப்பச் சொல்வது இதயங்களையேயன்றிக் கைப்பேசிகளையன்று என்றும் மனம் நொந்து கூறினார். திருமணப் படத்திலேயே பழகியவர் எங்கு நிற்க வேண்டும், எப்போது ஒதுங்க வேண்டும் என்பதை அறிவார். நமக்கும் அவரால் தொல்லை இல்லை.

பொருளாதார நியாயமும் ஒன்றுண்டு. முன்பு ஸ்டூடியோவுக்கு வந்த பிறந்தநாள் படத்தையும் சுற்றுலாப் படத்தையும் இன்று கைப்பேசி விழுங்கிவிட்டது. கலியாணத்தை மட்டும் அதனால் விழுங்க முடியவில்லை. தவறினால் திரும்பி வராத நிகழ்ச்சிக்கு மக்கள் இன்றும் கைதேர்ந்தவரையே தேடுகிறார்கள். மாமனார் இதைக் கண்டுதான் பேசுகிறார். தம் மகள் கடனின்றி வாழ வேண்டுமென்று எண்ணுவது எந்தத் தகப்பனுக்கும் குற்றமாகாது.

தந்தையாரின் கட்சி

ஆயினும் நாட்காட்டியைப் புரட்டிப் பாருங்கள். ஆடியில் இந்து சகோதரர் திருமணம் வைப்பதில்லை. மார்கழியிலும் இல்லை. இரமலான் நோன்புக் காலத்தில் இசுலாமிய சகோதரர் வீடுகளிலும் பொதுவாகத் திருமணம் இராது. நம் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஆடம்பரத் திருமண ஆசீரைத் தடை செய்திருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தடை இல்லை. எனினும் தவக்காலத்தில் ஓலை வாசிக்கச் சொல்லி நம்மிடம் வருவோர் இன்றும் அரியர். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், கலியாணத்தை மட்டும் நம்பியவருக்கு ஆண்டில் பல வாரங்கள் வெறுமையே. வாடகைக்கும் வட்டிக்கும் ஆடி மார்கழி தெரியாது.

இது வழக்கமான ஆண்டின் கதை. 2020 மார்ச்சுத் திங்களில் நாடெங்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நிகழ்ந்ததை நாம் மறக்கலாகாது. மண்டபங்கள் பூட்டப்பட்டன. பின்னர்த் தளர்வு வந்தபோதும் ஒரு திருமணத்துக்கு ஐம்பது பேர் என்ற வரம்பு இருந்தது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பி முன்பணம் வாங்கிச் செலவழித்தவர்கள், அப்பணத்தைத் திருப்பித் தர வழியின்றித் தவித்தார்கள். நல்ல கேமராவை வந்த விலைக்கு விற்றுவிட்டு வேறு வேலை தேடிப் போனவர்களும் உண்டு.

ஒரே கிளையில் கூடு கட்டிய பெரும் பறவைகளுக்கும் இக்கதி நேர்ந்ததுண்டு. அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில்தான் 1975இல் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் பிலிம் தேவைப்படாத டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். ஆனால் நிறுவனத்தின் வருவாயோ பிலிமைச் சார்ந்திருந்தது. தன் வீட்டில் பிறந்த புதுமையே தன்னை வீழ்த்த, 2012இல் அந்நிறுவனம் திவால் மனுத் தாக்கல் செய்தது. நம் நீலகிரியிலும் இதைக் கண்டோம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு ஆலை, நாடெங்கும் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் அனுப்பியது. வண்ணம் வந்தது, அதன் பின் டிஜிட்டலும் வந்தது. ஆலை நலிந்து மூடப்பட்டது. நம் பக்கத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டதை நம் பங்கின் மூத்தோர் மறவார். ஆகவே தந்தையாரின் அச்சமும் வெறுங்கற்பனையன்று.

தொழில் பிறந்த விதம்

சென்னையில் இக்கலை வேரூன்றிய வரலாற்றையும் சற்றே நோக்குவோம். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அப்பள்ளி ஓவியத்தோடும் கைத்தொழிலோடும் புகைப்படக் கலையையும் வளர்த்தது. அக்காலத்திலேயே சென்னை அரசு லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் கனமான கேமராவையும் மருந்துப் புட்டிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சை, திருவரங்கம் எனச் சுற்றி, 1858இல் கோயில்களையும் கோட்டைகளையும் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, நீண்டதொரு சுருளாக ஒட்டிச் சேர்த்தார். செலவு மிகுதி என்று அரசு சில ஆண்டுகளில் அவ்வேலையை நிறுத்திவிட்டது. அவர் எடுத்த படங்களோ இன்றும் ஆராய்ச்சியாளருக்கு உதவுகின்றன.

விசுவாசிகளாகிய நமக்கு நெருக்கமான மற்றொருவர் செகொந்தோ பியா. இத்தாலியின் தூரின் நகரில் அவர் ஒரு வழக்கறிஞர். ஓய்வு நேரத்தில் தம் நாட்டுப் பழைய ஆலயங்களையும் சிற்பங்களையும் படம் எடுத்து வந்தார். 1898 மே 28 இரவு, தூரின் திருத்துணியைப் படம் எடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கண்ணாடித் தகட்டைக் கழுவியபோது, துணியில் மங்கலாக மட்டும் தெரிந்த திருமுகம், நெகட்டிவில் தெளிவாக எழுந்து நின்றது. பல்வகைப் பொருள்களையும் பொறுமையோடு எடுத்துப் பழகிய கைக்கு அன்று அந்தப் பேறு கிடைத்தது.

எனவே பலவற்றையும் எடுப்பதே உயர்ந்தது என்று முடிவு கட்டலாமா? அவசரப்பட வேண்டா. இதே சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் நிலவியது. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற இராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாயிருந்த ஏழைகளை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அப்படங்கள் கடல் கடந்து சென்று பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டின என்பது உண்மையே. ஆனால் படம் எடுத்தவர் அம்மக்களின் பசிக்கு என்ன செய்தார் என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது. அவர் பெயரோடு அப்பழி இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, எதை எடுத்தோம் என்பது மட்டும் ஒருவரை நல்லவராக்குவதில்லை. எந்த மனத்தோடு எடுத்தோம் என்பதே கேள்வி.

இளைஞரின் மனத்தை அரித்தது

இவ்வளவையும் பேசி முடித்த பின்தான், நம்மிடம் வந்த இளைஞரின் மனத்தை உண்மையில் அரித்துக்கொண்டிருந்தது வெளிவந்தது.

சில வாரங்களுக்கு முன்பு ஓர் இரவு, அவருடைய தெருவில் துறைமுகத்தில் சுமை தூக்கி வாழ்ந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அவர் மனைவி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்று, "தம்பி, அவரோடு நாங்கள் எல்லோரும் இருக்கிற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் கொடு" என்று கேட்டிருக்கிறார். மாமனாரின் அறிவுரை அப்போது காதில் ஒலித்ததாம். மறுநாள் காலை ஒரு முகூர்த்தம் வேறு இருந்தது. சாவு வீட்டுக்குப் போன கேமரா கலியாணத்துக்கு ஆகாது என்ற பேச்சும் உண்டு. "வேலை இருக்கிறது அம்மா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

இன்று கைப்பேசி இல்லாத வீடு ஏது என்பீர்கள். அவ்வீட்டிலும் ஒன்று இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் நம் தெருக்களில் வெள்ளம் புகுந்தபோது, அது நீரில் நனைந்து கெட்டது. அதிலிருந்த படங்கள் யாவும் போயின. எஞ்சியது வாக்காளர் அட்டையில் உள்ள, பெருவிரல் நகமளவு மங்கிய படமே. முப்பதாம் நாள் திருப்பலிக்கு அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தார்கள். கண் எது, நிழல் எது என்று தெரியவில்லை. அந்தத் திருப்பலியை நிறைவேற்றியவர் நாமே. பீடத்தருகே இருந்த அப்படத்தை நாமும் கண்டோம். அதன் பின்னாலிருந்த கதை அன்றுதான் நமக்குத் தெரிந்தது.

"அந்த அம்மா இன்னும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள், சாமி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்" என்றார் இளைஞர்.

சகுனம் பார்ப்பது கிறிஸ்தவனுக்கு அடுக்குமா? பழைய ஏற்பாட்டில் தோபித்து என்னும் நல்லவர், உண்ணத் தொடங்கிய விருந்தை விட்டெழுந்து, தெருவில் கிடந்த இறந்தவரை அடக்கம் செய்யப் போனாரே! இறந்தோரை நல்லடக்கம் செய்வது இரக்கச் செயல்களில் ஒன்றென்று நாம் மறைக்கல்வி வகுப்பில் ஓதவில்லையா? இறந்த தகப்பனின் முகத்தை மறுதலைமுறை காணச் செய்வதும் அவ்விரக்கத்தின் ஒரு பகுதியே என்போம். அக்கேமரா மறுநாள் மணமேடைக்குச் சென்றால், அதனால் மணமக்களுக்கு ஆசீரே கிட்டும், தீங்கு கிட்டாது.

அவரிடம் நாம் வெரோணிக்கம்மாளை நினைவூட்டினோம். சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையில் நாம் தியானிக்கும் அப்புண்ணியவதியைப் புகைப்படக்காரர்கள் தங்கள் பாதுகாவலியாகக் கொள்வது வழக்கம். மரபு சொல்வதைக் கவனியுங்கள். திருமுகத்தின் சாயல் வேண்டுமென்று அவர் துணியை எடுத்துப் போகவில்லை. இரத்தமும் வியர்வையும் வழிந்த முகத்தைத் துடைக்கப் போனார். துடைத்தபின் சாயல் அவர் கையில் இருந்தது. இரக்கம் முந்தியது, படம் பிந்தியது. பஞ்சத்தைப் படம் எடுத்த அதிகாரியின்மேல் எழுந்த கேள்விக்கு விடை இந்த வரிசையில்தான் உள்ளது.

இவ்வழியில் நடக்க இயலுமா என்று ஐயுறுவோருக்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. மதுரைப் பக்கத்தில் மீன் விற்கும் தாயின் மகனாய் வளர்ந்த எம். பழனிகுமார், தூய்மைப் பணியாளரின் வாழ்வையும் சாவையும் தம் கேமராவால் பதிவு செய்து வருகிறார். உழைக்கும் மக்களின் பிள்ளைகள் கையிலும் கேமராவைக் கொடுத்துக் கற்பித்திருக்கிறார். நம் வடசென்னையிலும் படம் எடுக்க வேண்டியவை குறைவா? மிக்ஜாம் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவரின் படகும் வலையும் பாழானதைப் படங்களன்றோ நாட்டுக்கு உணர்த்தின! 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்று வந்த காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். அத்தகைய பிள்ளைகள் இன்றும் நம் தெருமுனைகளில் காயை அடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை யார் படம் எடுக்கிறார்?

நாம் கூறிய விடை

இறுதியில் இளைஞருக்கு நாம் கூறியது இது. புனித சின்னப்பர் கூடாரம் செய்யும் தொழிலைக் கற்றிருந்தார். கொரிந்து நகரில் அத்தொழிலால் தம் கையாலேயே உழைத்து உண்டார். அத்தொழில் அவரைப் பிறருக்குப் பாரமாகாமல் காத்தது. அவர் கால்களைக் கட்டிப்போடவில்லை. தம்பி, கலியாணப் படம் உமக்குக் கூடாரத் தொழிலாக இருக்கட்டும். அதை அரைகுறையாகக் கல்லாதீர். நன்கு கற்று, அதிலேயே பெயர் எடும். ஆனால் அதுவே உம் கதவைச் சாத்தும் தாழ்ப்பாளாக வேண்டா.

வழியும் சொன்னோம். தொடக்க ஆண்டுகளில் வந்த வேலை யாவும் பள்ளிப் பாடமே. பள்ளிக் குரூப் படம் எடுப்பதால் கூட்டத்தை அடக்கும் வித்தை வரும். தொழிற்சாலைப் பொருள்களை எடுப்பதால் ஒளியின் இயல்பு விளங்கும். இவ்விரண்டும் மணமேடையில் கைகொடுக்கும். முகூர்த்தமில்லாத திங்கள்களுக்கென்று நிலையான வேலை ஒன்றிரண்டைப் பிடித்துக்கொள்ளும். வாங்கிய முன்பணத்தை வேலை முடியுமுன் செலவழியாதீர். பேசிய கூலியை எழுத்தில் வையும். மாதத்தில் ஒரு நாளையேனும் கூலி கொடுக்க இயலாதவருக்கென்று ஒதுக்கும். சாவு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், இரவானாலும் எழுந்து போம்.

குடும்பத்தாராகிய உங்களுக்கும் ஒன்று கூற வேண்டும். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, புகைப்படக்காரரின் மிச்சப் பணத்தை மட்டும் ஆல்பம் வந்தபின் ஆறு மாதம் இழுத்தடிப்பது நீதியாகுமா? வேலை செய்தவருக்குக் கூலியைக் காலத்தில் கொடுக்க வேண்டுமென்பது மறைநூலின் கட்டளையன்றோ! மறுபுறம், திருமணத்துக்கு முன்னரே கடற்கரையிலும் மலையிலும் சினிமாப் பாணியில் படம் எடுக்கவென்று கடன் வாங்கும் வழக்கம் நம் பங்குகளிலும் நுழைந்துவிட்டது. ஆல்பத்தின் கனத்தால் இல்லறம் நிலைப்பதில்லை. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, வீட்டிலிருக்கும் பாட்டனாரையும் பாட்டியாரையும் உட்கார வைத்து, அவர்கள் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்து, அச்சிட்டுச் சுவரில் மாட்டுங்கள். கைப்பேசியில் கிடப்பதைப் படமென்று நம்பாதீர்கள். அதற்கு என்ன நேரும் என்பதை வெள்ளம் நமக்குக் காட்டிவிட்டது.

இவ்வாண்டுத் தவக்காலத்தில் அவ்விளைஞரை மீண்டும் கண்டோம். பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கடன் இன்னும் அடைந்தபாடில்லை. பாஸ்கா கழிந்ததும் நான்கு திருமணங்கள் பேசியிருப்பதாகச் சொன்னார். மாமனாருக்கு அதில் மகிழ்ச்சி. ஆனால் ஞாயிறு மாலைகளில் அவர் கேமராவோடு வீடு வீடாகச் சென்று, பங்கின் முதியோரைப் படம் எடுத்து வருகிறார். அச்சுக்கூலி மட்டும் வாங்குகிறார். முதலில் அவர் போனது அந்தக் கைம்பெண்ணின் வீட்டுக்கே.

"பெரியவரை இனி எடுக்க முடியாது, சாமி. அம்மாவையாவது எடுத்தேன்" என்றார்.

சென்ட்ரலை விட்டுப் புறப்படும் புறநகர் வண்டிக்குப் பேசின் பிரிட்ஜ்தான் முதல் நிலையம். அதைக் கடந்த பின்பே மேற்கே அரக்கோணத்துக்கும் வடக்கே கும்மிடிப்பூண்டிக்கும் தண்டவாளங்கள் பிரிகின்றன. நம் பிள்ளைகள் எந்தத் தடத்தில் போனாலும் போகட்டும். வழியில் கைகாட்டி நிற்கும் ஏழைக்காக வண்டியை நிறுத்தத் தெரிந்தவர்களாக அவர்களை வளர்ப்போம்.